மூலக்கதையில் கறுப்பு, திரையில் சிவப்பு

(சங்கரன்கோவிலில் வாசகர்களும் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



அமெரிக்காவில் எடுக்கும் சூப்பர் ஹீரோ தொடரில் எந்த நிறத்து நடிகரைப் போட்டால் நமக்கென்ன, அதைச் சங்கரன்கோவிலில் உட்கார்ந்து ஏன் பேச வேண்டும் என்று அழைப்பிதழைப் பார்த்துவிட்டுச் சிலர் கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தத் தொடர்களும் படங்களும் இப்போது தமிழ் டப்பிங்கோடு உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் செல்போனுக்கே வந்துவிட்டன என்பது ஒரு பதில். ஆனால் நான் வந்தது அதற்காக மட்டும் இல்லை. அங்கே நடந்த ஒரு சண்டையைக் கூர்ந்து கவனித்தால், நம் ஊரில் சண்டையே இல்லாமல் நடந்து முடிந்த ஒரு காரியம் தெரிகிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

2018இல் 'டைட்டன்ஸ்' என்ற தொடரின் முன்னோட்டம் வெளிவந்தது. அதில் ஸ்டார்ஃபயர் என்று ஒரு நாயகி. 1980இல் மார்வ் வுல்ஃப்மனும் ஜார்ஜ் பெரெஸும் காமிக்ஸில் உருவாக்கிய பாத்திரம். வேற்றுக் கிரகத்து இளவரசி. அவள் தோல் ஆரஞ்சு நிறம். அந்த வேடத்துக்கு அன்னா டியாப் என்ற நடிகையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் பிறந்த கறுப்பினப் பெண். அவ்வளவுதான், இணையம் முழுக்க வசை. பொறுக்க முடியாமல் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் யாரும் எதுவும் எழுத முடியாதபடி அவர் அடைத்து வைக்க நேர்ந்தது. வசைபாடியவர்களில் பலர் முன்வைத்த நியாயம் இது: மூலக்கதைக்கு உண்மையாக இருக்க வேண்டாமா?

கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் உலகத்தில் ஒரு மனிதர் கிடையாது. வெள்ளைக்காரப் பெண் நடித்தாலும் சாயம் பூசத்தான் வேண்டும், கறுப்பினப் பெண் நடித்தாலும் சாயம் பூசத்தான் வேண்டும். அப்படியிருக்க, வெள்ளைத் தோல் ஆரஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பதாகவும் கறுப்புத் தோல் வெகுதூரத்தில் இருப்பதாகவும் ஒரு கூட்டத்துக்குத் தோன்றியது. அப்படித் தோன்ற மூலக்கதையில் எந்தக் காரணமும் இல்லை. காரணம் பார்க்கிறவரின் கண்ணில் இருந்தது.

அதற்கு முன்பே 2014இல் 'தி ஃப்ளாஷ்' தொடர் தொடங்கியபோதும் இதுவே நடந்தது. நாயகனின் காதலி ஐரிஸ் வெஸ்ட் 1956 முதல் காமிக்ஸில் வெள்ளைக்காரப் பெண். தொலைக்காட்சியில் கேண்டிஸ் பேட்டன் என்ற கறுப்பின நடிகை நடித்தார். ஆண்டுக்கணக்கில் அவர் மீது இனவெறி வசை பொழிந்தது. தொடரின் தொடக்க ஆண்டுகளிலேயே விலகிவிட நினைத்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். இத்தனைக்கும் ஐரிஸ் வெஸ்ட் ஒரு பத்திரிகையாளர். அவள் செய்தி சேகரிப்பதிலோ காதலிப்பதிலோ தோலின் நிறத்துக்கு எந்த வேலையும் இல்லை.

இனி நம் பக்கம் வருகிறேன்.

மூலக்கதைக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பது நல்ல கொள்கை என்றே வைத்துக்கொள்வோம். நம்முடைய மூலக்கதை என்ன சொல்கிறது? இராமன் கறுப்பு. கம்பன் அந்தக் கருமைக்கு உவமை தேடித் தேடி, எதுவும் போதாமல் வியந்து நின்ற கவிஞன். கண்ணன் கறுப்பு. பாஞ்சாலி கறுப்பு, வியாச பாரதத்தில் அவள் அழகின் முதல் அடையாளமே அந்தக் கருமைதான். அர்ச்சுனனும் கறுப்பு. அதிகம் போவானேன், இந்த ஊர்க் கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். செம்மேனியும் கருமேனியும் ஓர் உடம்பில் நிற்கின்றன. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று நாகர்களான சங்கனும் பதுமனும் சண்டை போட, கோமதியம்மன் தவம் இருந்து கண்ட காட்சி அது என்று ஆடித் தபசுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். கருமேனிக்கு அங்கே ஒரு குறைவும் இல்லை.

1987 ஜனவரி 25ஆம் தேதி தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடங்கியது. இராமனாக அருண் கோவில் நடித்தார். 1988இல் பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' வந்தது. கண்ணனாக நிதிஷ் பரத்வாஜ், பாஞ்சாலியாக ரூபா கங்குலி. 2013இல் ஸ்டார் பிளஸ் புதிதாக எடுத்த 'மகாபாரதம்' விஜய் டிவியில் தமிழில் பேசியது. சௌரப் ராஜ் ஜெயின் கண்ணன், பூஜா சர்மா பாஞ்சாலி. நல்ல நடிகர்கள்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அருண் கோவிலைக் கண்டால் மக்கள் காலில் விழுந்தார்கள். 2020இல் ஊரடங்கின்போது அந்த ராமாயணத்தை மறுபடி ஒளிபரப்பினார்கள், அப்போதும் நாடே பார்த்தது. இத்தனை பேரும் சிவந்த மேனியர். மூலத்தில் கறுப்பு என்று இருக்கிறதே, இப்படிப் போட்டிருக்கிறீர்களே என்று நாட்டில் ஒரு பெரிய சண்டை நடந்ததா? நடக்கவில்லை.

அமெரிக்காவில் வெள்ளைப் பாத்திரத்தைக் கறுப்பாக்கினால் கூச்சல் எழுகிறது. இந்தியாவில் கறுப்புப் பாத்திரத்தைச் சிவப்பாக்கினால் கற்பூரம் காட்டுகிறோம். இரண்டு இடத்திலும் மூலக்கதை வெறும் சாக்கு. அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை: வல்லமையும் தெய்வத்தன்மையும் அழகும் சிவந்த தோலில்தான் குடியிருக்கும் என்ற நம்பிக்கை. அதே புராணத் தொடர்களில் அரக்கர் கூட்டம் வரும்போது கவனியுங்கள். அதுவரை காணாமல் போயிருந்த கறுப்புச் சாயம் அப்போது டப்பா டப்பாவாக வெளியே வருகிறது.

இந்தப் பார்வை ஒரு நாளில் வந்ததல்ல. இங்கிருந்து அதிக தூரமில்லாத கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு என்று ஒரு பெரிய ஓவியர் வாழ்ந்தார். 1898இல் பிறந்து 1976இல் மறைந்தவர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாகி நாடு முழுக்கப் போயின. நம்மில் பலருக்கு முருகன் என்றால், லட்சுமி என்றால் மனதில் தோன்றும் முகம் அவர்கள் வரைந்ததுதான். அந்தக் கலையின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நம் வட்டாரத்தின் பெருமை அது. ஆனால் காலண்டர் மரபு கருமேனிக்குப் பதிலாக இளநீலத்தை நிலைநிறுத்தியது. நீலம் அழகான ஏற்பாடு. கறுப்பையும் காட்ட வேண்டாம், சிவப்பு என்று பொய்யும் சொல்ல வேண்டாம். 1964இல் 'கர்ணன்' படத்தில் கண்ணனாக வந்த என்.டி. ராமாராவும் அந்த நீலத்தைத்தான் பூசிக்கொண்டார். பிறகு தொலைக்காட்சி வந்தபோது நீலமும் வெளுத்தது, தோல் மட்டும் மிஞ்சியது. நீலத்தைக் கடவுளுக்குக் கொடுத்ததால், நம் தெருவில் போகும் கறுத்த பிள்ளைக்கும் கண்ணனுக்கும் ஓர் உறவு உண்டு என்பது மறந்தே போனது.

2017இல் சென்னையில் புகைப்படக் கலைஞர் நரேஷ் நீலும் பரத்வாஜ் சுந்தரும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். கறுத்த நிறமுடைய பெண்களையும் ஆண்களையும் குழந்தைகளையும் வைத்து லட்சுமி, சரஸ்வதி, துர்க்கை, சீதை, முருகன், சிவன், கண்ணன் என்று படம் எடுத்தார்கள். தொகுப்பின் பெயர் 'டார்க் இஸ் டிவைன்'. அந்த லட்சுமியைப் பார்த்தபோது, பார்த்துப் பழகிய சாமியைவிட எனக்கு நெருக்கமாகத் தோன்றினாள். என் அத்தைகளின் சாயல் அந்த முகத்தில் இருந்தது.

சிவகாசியைச் சொன்னேன் அல்லவா, இன்னொரு கதையும் அங்கிருந்துதான் வந்தது. 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் முதல் இதழ் வெளிவந்தது: 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனில் 1962 முதல் வந்துகொண்டிருந்த தொடர் அது. லூயிஸ் கிராண்டல் என்பவன் விபத்தில் கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறைப் பையன்கள் அந்தக் கைக்கு அடிமை. உடம்பே இல்லாத நாயகன் என்பதால், எந்த ஊர்ப் பிள்ளையும் அந்தக் கைக்குப் பின்னால் தன் உடம்பை வைத்துப் பார்க்க முடிந்தது என்று எனக்குத் தோன்றும்.

வேதாளர் என்றும் மாயாவி என்றும் தமிழில் வந்த முகமூடி வீரனின் கதை வேறு. 1936இல் லீ ஃபாக் படைத்தது. காட்டுக்கு நடுவே மண்டையோட்டுக் குகை, சுற்றிலும் குள்ளர் படை, சிம்மாசனத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளைக்காரன். காட்டு மக்களுக்குக் காவல் அவன்தான், நீதி அவன்தான். அந்தக் காடு முதலில் வங்காளத்தின் சாயலோடு பெயர் கொண்டது, பிற்பாடு ஆப்பிரிக்கா பக்கம் நகர்ந்தது. இந்தியாவில் இந்திரஜால் காமிக்ஸ் வெளியிட்டபோது அந்தப் பெயரை 'டெங்காலி' என்று மாற்றினார்கள். பெயரை மாற்றினார்களே தவிர, கறுத்த மனிதர்களைக் காக்க ஒரு வெள்ளைக்காரன் வேண்டும் என்ற கதையை மாற்றவில்லை. நாமும் அந்தச் சிம்மாசனத்தில் நம்மை வைத்துத்தான் படித்தோம், குள்ளர் படையில் வைத்துப் படிக்கவில்லை.

அந்த மாதிரிக் கதையின் அடிமடியிலேயே கைவைத்த ஒரு தொடர் உண்டு. 2019இல் எச்.பி.ஓ.வில் வந்த 'வாட்ச்மென்'. ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986இலும் 87இலும் கொண்டுவந்த காமிக்ஸின் தொடர்ச்சியாக டேமன் லிண்டலோஃப் உருவாக்கியது. 1921இல் அமெரிக்காவின் டல்சா நகரில் கறுப்பின மக்களின் குடியிருப்பை வெள்ளைக் கும்பல் தாக்கி எரித்ததே, அந்த உண்மைச் சம்பவத்திலிருந்து கதை தொடங்குகிறது. அந்த உலகத்தின் முதல் முகமூடி வீரன் யார் என்று காமிக்ஸில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. முகம் முழுக்க மறைத்தவன், கழுத்தில் தூக்குக் கயிறு. வெள்ளைக்காரன் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அவன் ஒரு கறுப்பினக் காவலர் என்று தொடர் காட்டியது. சக காவலர்களே அவனைத் தூக்கில் போடுவதுபோல் மரத்தில் தொங்கவிட்டு அவிழ்த்துவிட்டபின், அதே கயிற்றோடும் முகமூடியோடும் அவன் அநியாயத்தை எதிர்க்கப் புறப்படுகிறான். முகமூடியின் கண்துளை வழியாகத் தோல் தெரியுமே? அதனால் கண்ணைச் சுற்றி வெள்ளைச் சாயம் பூசிக்கொள்கிறான். கறுப்பு மனிதன் காப்பாற்றுகிறான் என்று தெரிந்தால் அந்த ஊர் அவனை நாயகனாக ஏற்காது. அந்தச் சாயம் பூசும் காட்சியைப் பார்த்துவிட்டு வெகுநேரம் நான் வேறெதையும் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நடிகரின் நிறத்தை மாற்றியது அங்கே கதைக்குச் செய்த துரோகம் ஆகவில்லை. கதை அதுவரை சொல்லாமல் விட்ட உண்மையை அந்த ஒரு தேர்வுதான் வெளியே கொண்டுவந்தது.

நம் தொலைக்காட்சியிலும் சாயம் பூசிய கதை உண்டு, ஆனால் திசை வேறு. 2019இல் விஜய் டிவியில் 'பாரதி கண்ணம்மா' தொடங்கியது. நிறம் கறுப்பு என்பதால் அவமானப்படும் பெண்ணின் கதை. தமிழ்க் குடும்பங்கள் விரும்பிப் பார்த்த தொடர். கதாநாயகி ரோஷினி ஹரிப்பிரியனுக்கு டல் மேக்கப் போட்டுக் கறுப்பாக்கித்தான் நடிக்க வைத்தார்கள். அவர் நன்றாகவே நடித்தார். குறை நடிகையிடம் இல்லை. கறுப்பாகப் பிறந்து, பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போன வலியை அனுபவித்த பெண்கள் இந்தத் தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் பேர். அவர்களின் வலியைச் சொல்லும் கதையிலேயே அவர்களில் ஒருத்திக்கு இடம் இல்லையென்றால், அந்தக் கதை யாருக்காக?

2021இல் சன் டிவியில் 'சுந்தரி' வந்தது. கேப்ரியல்லா செல்லஸ் தன் சொந்த நிறத்தோடு நாயகியாக நின்றார். கிராமத்துப் பெண், கலெக்டராக வேண்டும் என்ற கனவு. ஒரு கறுத்த பெண்ணின் முகத்தை அண்மைக் காட்சியில் தினமும் தமிழ் வீடுகள் பார்த்தன. விளம்பரமும் வந்தது, பார்வையாளர்களும் இருந்தார்கள். கறுத்த முகம் போட்டால் ஓடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தத் தொடர் போதுமான பதில்.

ஆண்களுக்கு இந்தத் தடை கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கிறது. ரஜினிகாந்த், விஜயகாந்த், தனுஷ், விஜய் சேதுபதி என்று ஒரு வரிசையே உண்டு. பெண்களுக்கு அப்படி ஒரு வரிசையை உங்களால் சொல்ல முடியுமா? வடக்கேயிருந்து ஒரு முகம் வருகிறது, திரைக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பெண் அந்த முகத்துக்குக் குரல் கொடுக்கிறாள். குரல் நம்முடையதாக இருக்கலாம், முகம் இருக்கக் கூடாது. இதற்குள் சாதியும் கலந்திருக்கிறது என்பதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நிறத்தைப் பார்த்து வீட்டை ஊகிக்கிற பழக்கம் நம் எல்லா ஊர்களிலும் உண்டு.

சூப்பர் ஹீரோ கதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 கிறிஸ்துமஸ் சமயத்தில் நெட்பிளிக்ஸில் மலையாளத்தின் 'மின்னல் முரளி' வந்தது, தமிழிலும் பேசியது. பேசில் ஜோசப் இயக்கியது. ஓர் ஊரில் ஒரே இரவில் இரண்டு பேரை மின்னல் தாக்குகிறது, இரண்டு பேருக்கும் ஒரே சக்தி. நாயகன் டொவினோ தாமஸ். ஊர் ஒதுக்கிவைத்த ஏழை ஷிபுவாக, பிறகு வில்லனாக, மதுரைக்காரரான நம் குரு சோமசுந்தரம். கூத்துப்பட்டறையில் பயின்ற அந்தக் கலைஞர், வில்லன் வேடத்திலேயே எல்லோரையும் அழவைத்தார். ஒரே மின்னல்தான், ஒரே சக்திதான். ஆனால் யாருக்கு முகமூடியும் உடுப்பும், யாருக்குச் சாவு என்பதில் உருவத்துக்கும் பங்கு இருந்தது. அந்தப் படத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஷிபுவின் பக்க நியாயத்தை அவ்வளவு கனிவோடு சொன்ன படம் அது. ஷிபுவே நாயகனாக ஒரு கதை வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கடல் கடந்த தமிழ் முகங்களையும் சொல்ல வேண்டும். 2006இல் அமெரிக்காவில் வந்த 'ஹீரோஸ்' தொடரில் மொகிந்தர் சுரேஷ் என்ற சென்னைப் பேராசிரியர் வருவார். நடித்தவர் செந்தில் ராமமூர்த்தி. நம் ஊர் அறிவாளி ஒருவர் சூப்பர் ஹீரோ கதையின் மையத்தில் வந்தது அப்போது பெரிய ஆச்சரியம். 2020இல் 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடருக்கு 15,000 பேர் விண்ணப்பித்ததில் கனடாவின் ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன் தேர்வானார். 2022இல் 'பிரிட்ஜர்டன்' தொடரில் மூல நாவலின் கேட் ஷெஃபீல்ட், கேட் சர்மாவாக மாறினாள். நடித்தவர் தமிழ்ப் பெற்றோரின் மகள் சிமோன் ஆஷ்லி, நல்ல கறுத்த நிறம். லண்டன் அரண்மனைக் காதல் கதைக்கு நாயகியாகும் தகுதி அந்த நிறத்துக்கு உண்டு என்று அங்கே முடிவெடுக்க முடிந்தது. அதே நிறத்தோடு ஒரு பெண் சென்னையில் ஆடிஷனுக்குப் போனால் தோழி வேடம் கிடைக்கும், அல்லது வேலைக்காரி வேடம்.

கறுப்புப் பாத்திரத்தில் கறுப்பானவர் மட்டும்தான் நடிக்க வேண்டுமா, நடிப்பு என்பதே வேறொருவராக மாறுவதுதானே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். கதவு இரு பக்கமும் திறந்திருந்தால் நான் இந்தப் பேச்சையே பேச மாட்டேன். கறுத்த நடிகை சீதையாகவும் லட்சுமியாகவும் நடிக்கிற நாள் வந்தால், சிவந்த நடிகர் கண்ணனாக நடிப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. இன்று கதவு ஒரு பக்கம்தான் திறக்கிறது. அதற்குக் கலைச் சுதந்திரம் என்று பெயர் சொல்லக் கூடாது.

இந்த மண்ணில் சூப்பர் ஹீரோ கதைகளுக்குப் பஞ்சம் இல்லை. நெற்கட்டும்செவல் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே ஆண்ட பூலித்தேவரின் படைத்தளபதி ஒண்டிவீரன், அருந்ததியர் குலத்து வீரர். எதிரி முகாமுக்குள் இரவில் புகுந்து புல்லுக்குள் மறைந்து கிடந்தபோது, குதிரை கட்ட அடித்த முளை அவர் கையில் இறங்கிவிட்டதாக மக்கள் சொல்கிறார்கள். சத்தம் போடவில்லை. கையை வெட்டிப் போட்டுவிட்டு எழுந்து போய் வந்த வேலையை முடித்தாராம். இரும்புக்கை மாயாவியைக் கொண்டாடிய நாம், கையையே கொடுத்த இந்த வீரனை ஒரு நல்ல காமிக்ஸாகவோ தொடராகவோ பிள்ளைகள் கையில் கொடுக்கவில்லை. 2022 ஆகஸ்ட் 20ஆம் தேதி அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டார்கள். கதை இன்னும் மேடைப் பேச்சிலும் வாய்மொழியிலும்தான் இருக்கிறது.

நாளை யாராவது அதைத் தொடராக எடுப்பார்கள். அப்போது பெயர்பெற்ற ஒரு சிவந்த நடிகருக்கு டல் மேக்கப் போட்டு நிறுத்தினால், மூலக்கதை எங்கே என்று நீங்கள் கேட்க வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கும் தம்பிகளில் செல்போனிலேயே குறும்படம் எடுப்பவர்கள் இருக்கிறீர்கள். வேறு யாராவது எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் தெருவில் இருக்கும் முகத்தை வைத்து நீங்களே தொடங்குங்கள். விசைத்தறியில் வேலை பார்க்கிற பையனுக்கும் பீடி சுற்றுகிற பெண்ணுக்கும் சக்தி வரட்டும்.

ஆசிரியர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கோரிக்கை. பள்ளி ஆண்டு விழாவுக்குக் கண்ணன் வேடம், பாரத மாதா வேடம், தேவதை வேடம் என்று பிள்ளைகளைப் பொறுக்கும்போது வகுப்பிலேயே சிவப்பாக இருக்கும் பிள்ளையைத் தேடிப் போகிற வழக்கம் இருக்கிறது. பின் வரிசையில் இருக்கும் கறுத்த பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வரும் ஆண்டு விழாவில் அந்தப் பிள்ளைகளில் நன்றாக ஆடுகிற, நன்றாகப் பேசுகிற ஒருவரைக் கூப்பிட்டுக் கண்ணன் வேடம் கொடுங்கள். நீலச் சாயம் பூச வேண்டாம், பவுடரும் அப்ப வேண்டாம். அப்படியே மேடையேற்றுங்கள்.